உயிரணு ஆராய்ச்சியும் உடன்பாட்டு வினையும்

பொங்கல் விடுமுறையில் திருமலைக்குச் சென்று நேமிநாதரை வணங்கி வருவது எங்கள் குடும்பத்தின் நெடுநாள் வழக்கம். போளூருக்கு அருகிலுள்ள அம்மலையில் பாறையிலேயே செதுக்கப்பெற்று ஓங்கி நிற்கும் அப்பெருமானின் திருவுருவத்தைக் காணாத தமிழ்ச் சமணக் குடும்பம் இருத்தல் அரிது. இவ்வாண்டு எங்களுடன் வந்தவர்களுள் என் தம்பியின் பேத்தியும் ஒருத்தி. வேலூர்ப் பகுதியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உயிரணுவியலில் முனைவர் பட்டத்திற்காக ஆராய்ந்து வருகிறாள். மனிதன் எவ்வாறு மனிதன் ஆனான் என்னும் வினா பள்ளி நாளிலிருந்தே அவளை விட்டகலாதது.

வழிபாடு முடிந்து படிக்கட்டில் இளைப்பாறிக் கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: "பெரிய தாத்தா, நான் செய்கிற வேலை நம் நெறிக்கு ஒத்ததுதானா?"

"நோய் தீர்க்க உதவும் கல்வி அம்மா, அதில் என்ன ஐயம்?" என்றேன்.

அதன்பின் அவள் ஒரு புட்டியைப் பற்றிச் சொன்னாள். ஆய்வுக்கூடத்தில் உயிரணுக்களை வளர்ப்பதற்கு ஓர் ஊட்டநீர் தேவை. அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சீரம் என்னும் குருதிநீரைச் சேர்ப்பது உலகெங்கும் வழக்கமாம். பொன்னிறத்தில் தெளிந்திருக்கும் அந்நீரைப் புட்டியில் வாங்கி, உறையவைத்துப் பாதுகாக்கிறார்கள். அது எங்கிருந்து வருகிறது என்பதைச் சேர்ந்த நாளில் அவள் கேட்கவில்லை, எவரும் சொல்லவுமில்லை. ஒரு வருடம் கழித்தே அறிந்தாளாம். இறைச்சிக் கூடத்தில் வெட்டப்படும் பசு சினையாக இருந்தால், வயிற்றிலுள்ள கன்றின் இதயத்திலிருந்து குருதியை எடுத்து, அதனின்று பிரிப்பதே அந்நீர்.

நான் உடனே விடை சொல்லவில்லை. தலைக்கு மேலே நின்ற திருவுருவத்தின் வரலாறு நினைவுக்கு வந்தது. திருமண ஊர்வலத்தில் வரும்போது, விருந்துக்கென்று அடைத்து வைத்திருந்த விலங்குகளின் கதறலைக் கேட்டார் நேமிநாதர். அவற்றை அடைக்கச் சொன்னவர் அவரல்லர். உண்ணப் போகிறவரும் அல்லர். ஆயினும் தம் பொருட்டு நிகழ்வது என்பதை உணர்ந்த அக்கணமே தேரைத் திருப்பிவிட்டார். அவர் திருமுன் இருந்துகொண்டு அப்பெண்ணுக்குப் பொருந்தாத சமாதானம் ஒன்றைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சில திங்கள் எண்ணிப் பார்த்தும் படித்தும் அவளிடம் கேட்டும் தெளிந்தவற்றை இங்கு எழுதுகிறேன். நம் பிள்ளைகள் பலர் இன்று மருத்துவத்திலும் உயிர்த்தொழில்நுட்பத்திலும் நுழைந்துள்ளனர். ஆகவே இவ்வினா ஒரு வீட்டோடு நிற்பதன்று.

உயிரணு என்னும் உலகம்

மனித உடலில் ஏறத்தாழ முப்பது இலட்சம் கோடி உயிரணுக்கள் உள்ளன என்று கணக்கிடுகின்றனர். அவற்றை உடலுக்கு வெளியே உயிரோடு வைத்திருக்க இயலும் என்பதை 1907இல் அமெரிக்க அறிஞர் ராஸ் ஹாரிசன் தவளையின் நரம்பணுக்களைக் கொண்டு காட்டினார். 1951இல் பால்டிமோர் நகரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்னும் ஏழைக் கறுப்பினப் பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து எடுக்கப்பட்ட உயிரணுக்கள், இடையறாது பெருகிக்கொண்டே இருக்கும் முதல் மனித உயிரணு வரிசையாயின. அவர் அவ்வாண்டே இறந்தார். அவருடைய உயிரணுக்கள் இன்றும் உலகின் ஆய்வுக்கூடங்களில் பெருகி வருகின்றன. போலியோ தடுப்பு மருந்தின் சோதனை முதல் எண்ணிறந்த பணிகளுக்கு அவை உதவின.

2006இல் ஜப்பானிய அறிஞர் ஷின்யா யமனாகா செய்தது மேலும் வியப்புக்குரியது. எலியின் தோலிலுள்ள சாதாரண உயிரணுவுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, எவ்வுறுப்பின் அணுவாகவும் மாறவல்ல குருத்தணுவாக அதனை மாற்றினார். மறு ஆண்டே மனிதத் தோலணுவிலும் அது கைகூடியது. 2012இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வேலூர் இத்துறையில் பின்தங்கிய ஊரன்று. 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் வளாகத்தில், மத்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறையின் துணையோடு குருத்தணு ஆய்வு மையம் ஒன்று இயங்கி வருகிறது. குருதி உறையாமையால் துன்புறும் ஹீமோபிலியா நோயாளிகள் ஐவருக்கு, அவர்தம் குருதிக் குருத்தணுக்களையே எடுத்து, குறைபட்ட மரபணுவுக்கு ஈடான நல்ல மரபணுவை அவற்றுள் ஏற்றி, மீண்டும் உடலில் செலுத்தும் சிகிச்சையை மருத்துவர் அலோக் ஸ்ரீவாஸ்தவா தலைமையிலான குழுவினர் அங்கே நிகழ்த்தினர். 2024 டிசம்பரில் வெளியான அவர்களது அறிக்கையின்படி, ஐவரையும் கண்காணித்த மொத்தம் 81 மாத காலத்தில் ஒருவருக்கும் இரத்தக் கசிவு நேரவில்லை. சிறு அடி பட்டாலும் மூட்டுகளில் குருதி கசிந்து முடங்கிப் போகும் இளைஞர்களுக்கு இஃது எத்தகைய விடுதலை என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். உயிரணு ஆராய்ச்சி வீண் வேலை என்று ஒரு சொல்லில் தள்ளிவிட எவருக்கும் உரிமையில்லை.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. நிகோத ஜீவர்களைப் பற்றி நம் ஆகமங்கள் கூறுவதை எடுத்துக்காட்டி, "உயிரணுவை நம் முன்னோர் அன்றே கண்டனர்" என்று மேடைகளில் பேசுவதுண்டு. ஒரே உடலைப் பல உயிர்கள் பகிர்ந்து வாழும் என்பதும், ஒரு மூச்சு நேரத்தில் பதினெட்டு முறை பிறந்து இறக்கும் என்பதும் அக்கொள்கையின் கூறுகள். கண்ணுக்குப் புலனாகா உயிர்களிடத்தும் அருள் வேண்டும் என்பதே அதன் பயன். நுண்ணோக்கியில் தெரியும் உயிரணு அதுவேதான் என்று சொல்ல நம்மிடம் சான்றில்லை. சான்றில்லாததைச் சொல்லுவது வாய்மை விரதத்துக்கு இழுக்கு. அறிவியல் நம் நெறியை மெய்ப்பித்தால்தான் அது மெய் என்னும் தாழ்வு மனப்பான்மையும் நமக்கு வேண்டா.

உறவின் சான்று

இனி, அவளது மற்றோர் ஆர்வமாகிய மனிதப் பரிணாமத்துக்கு வருவோம். உயிரணுவை ஆராய்பவர்கள் மனித வரலாற்றுக்குள் நுழைந்தது எப்படி என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் கூறலாம்.

சுவீடன் நாட்டில் ஸ்வாந்தே பாபோ என்னும் மாணவர், வைரஸ் கிருமி உடலின் காப்பணுக்களை எவ்வாறு ஏமாற்றுகிறது என்று முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்துகொண்டிருந்தார். இறந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆன உடல்களில் மரபணுப்பொருள் எஞ்சியிருக்குமா என்னும் எண்ணம் அவருக்கு எழுந்தது. பேராசிரியர் அறியாமல், கடையில் கன்றின் ஈரலை வாங்கி வந்து, ஆய்வுக்கூட அடுப்பில் உலர்த்திச் சோதித்தார். உலர்ந்த பின்னும் மரபணுப்பொருள் எஞ்சியிருந்தது. அங்கே தொடங்கிய பயணம் எகிப்தியப் பிணங்கள் வழியாக, 2010இல் நியாண்டர்தால் மனிதரின் மரபுத்தொகுதியை வெளியிடுவதிலும், 2022இல் நோபல் பரிசிலும் முடிந்தது. அத்துறையும் ஒரு கன்றின் உடலிலிருந்தே தொடங்கியது என்று அப்பெண் சொன்னபோது நான் சற்றுத் திடுக்கிட்டேன்.

நம் நாட்டில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் நோய்த்தடுப்பியல் பேராசிரியர் பிச்சப்பன், காசநோய் போன்றவை சிலரை மட்டும் பற்றுவதேன் என்று மரபணுக்களில் தேடியவர். அத்தேடல் அவரை மக்களின் தொன்மையை ஆராய இட்டுச் சென்றது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக ஆஸ்திரேலியா வரை பரவிய தொல்மாந்தரின் தடமாகக் கருதப்படும் எம்130 என்னும் அடையாளம் உசிலம்பட்டிப் பகுதி மக்களிடையே இருப்பது அவ்வகை ஆய்வுகளால் தெரியவந்தது. ஐதராபாத்து உயிரணு மூலக்கூற்று உயிரியல் மையத்தின் லால்ஜி சிங், தங்கராஜ் முதலியோர் ஹார்வர்டு அறிஞர்களுடன் சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, இந்திய மக்களுள் மிகப் பெரும்பாலோர் இரு தொல் வழியினரின் கலப்பே என்று காட்டியது. கலப்பில்லாத தூய குலம் என்று பெருமை பேசுவோருக்கு அதில் இடமில்லை. குலச்செருக்கு எண்வகைச் செருக்குகளுள் ஒன்றென்று நாம் படித்ததை இவ்வாய்வுகள் வேறொரு வழியாக நினைவூட்டுகின்றன.

இவ்வறிவு வெறும் பழங்கதையுமன்று. கோவிட் நோயைக் கடுமையாக்கும் ஒரு மரபணுத் துண்டு நியாண்டர்தால் மனிதரிடமிருந்து நமக்கு வந்தது என்றும், தெற்காசியரில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதைத் தாங்கியுள்ளனர் என்றும் 2020இல் கண்டறிந்தனர். முன்னோரை அறிவது நோயை அறிவதாகவும் இருக்கிறது.

பரிணாமக் கொள்கை நம் சமயத்தோடு முரண்படுமோ என்று சிலர் அஞ்சுவர். உலகைப் படைத்தவன் ஒருவன் உண்டென்று நாம் கொள்ளாமையால், பிற சமயத்தார்க்கு நேர்ந்த சண்டை நமக்கு நேர்வதில்லை. அறிவியல் உடல்களின் வழிமுறையைச் சொல்கிறது. உயிரின் அனாதித் தன்மை அதன் ஆய்வுக்கு உட்பட்டதன்று. ஆனால் கால வட்டத்தைப் பற்றி நம் புராணங்கள் கூறும் ஆண்டுக் கணக்கும் உடல் உயரமும், மண்ணில் கிடைத்த எலும்புகள் கூறுவதும் ஒத்துப் போகவில்லை. அநேகாந்தவாதத்தைக் காட்டி இரண்டையும் ஒன்றாக்கிவிட முயல்வது அக்கொள்கைக்குப் பெருமை சேர்ப்பதன்று. ஒத்துப் போகாததை ஒத்துப் போகவில்லை என்றே ஏற்கும் துணிவு நமக்கு வேண்டும்.

பரிணாமம் நமக்குச் சொல்லும் முதன்மையான செய்தி வேறொன்று, அஃது உறவு. பசுவின் இன்சுலினும் மனித இன்சுலினும் ஐம்பத்தொரு கண்ணிகள் கொண்ட சங்கிலிகள். அவற்றுள் மூன்று கண்ணிகளே வேறுபடுகின்றன. 1921இல் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து 1980களில் நுண்ணுயிரியிடமிருந்து மனித இன்சுலின் பெறப்படும் வரை, சர்க்கரை நோயாளிகள் பசு, பன்றி ஆகியவற்றின் கணையச் சுரப்பாலேயே உயிர் பிழைத்தனர். நம் இல்லங்களிலும் அவ்வாறு பிழைத்தவர் உண்டு. அப்போது நாம் எதுவும் கேட்கவில்லை.

அப்பெண்ணிடம் நான் கேட்டேன்: "கன்றின் குருதி மனித உயிரணுவை எப்படியம்மா வளர்க்கிறது?" அவள் சொன்னாள்: "வளரச் சொல்லும் சமிக்ஞைப் பொருள்கள் இரண்டு உடலிலும் ஏறத்தாழ ஒன்றேதான் தாத்தா. நெடுந்தொலைவில் இருவருக்கும் ஒரே மூதாதை."

இவ்விடையில்தான் நம் வினாவின் முடிச்சு இருக்கிறது. கன்றின் குருதி நமக்குப் பயன்படுவதற்குக் காரணம் அது நமக்கு உறவாயிருப்பது. அதை எடுப்பது நம் நெஞ்சை உறுத்த வேண்டியதற்குக் காரணமும் அவ்வுறவே. உறவு நெருங்க நெருங்கப் பயன் மிகுகிறது. பயன் மிக மிகக் குற்றமும் மிகுகிறது. அறிவியல் நமக்குப் பயனைக் கொடுத்த அதே கையால் குற்றத்தின் கணக்கையும் கொடுத்திருக்கிறது. ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றொன்றை மறுக்க முடியாது.

துணைப்பொருள் என்னும் சமாதானம்

"அந்தப் பசுவை எங்களுக்காக யாரும் கொல்லவில்லை. இறைச்சிக்காகக் கொன்றார்கள். வீணாகப் போகும் குருதியைத்தான் எடுக்கிறோம்" என்பது ஆய்வுக்கூடங்களில் சொல்லப்படும் விடை. அவள் அதைச் சொல்லக் கேட்டபோது எனக்கு உடல் கூசியது. ஏனெனில் அதே வாக்கியத்தை நான் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன்.

1980களில் ஆம்பூர் வட்டாரத்தில் ஒரு வங்கியின் கிளையில் கடன் பிரிவில் பணியாற்றினேன். தோல் ஷாப்புகளுக்கு நடைமுறை மூலதனக் கடன் வழங்குவதற்கான குறிப்புகளைத் தயாரிப்பது என் பொறுப்பு. உப்பிட்ட பச்சைத் தோல் இத்தனை, குரோமியம் ஏற்றிய நீலத்தோல் இத்தனை, முடிந்த சரக்கு இத்தனை என்று இருப்புக் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டேன். சரக்கைப் பார்வையிடச் செல்லும்போது மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொள்வேன். வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு, கதிரவன் மறையுமுன் உணவு அருந்துவேன். வேர்க்கிழங்கு உண்ணாத என் தட்டு தூயது என்று எண்ணியிருந்தேன். உடன் பணிபுரிந்த நண்பர் ஒருநாள் கேலியாகக் கேட்டார். "மாடு இறைச்சிக்குப் போகிறது, தோல் மிச்சம். அதை வீணாக்குவதா?" என்று விடை சொன்னேன். விடை சரியாக இருப்பதாகவே அன்று தோன்றியது.

மிச்சத்துக்கு விலை உண்டென்றால் அது மிச்சமன்று, வருவாய். இறைச்சிக் கூடத்துக்காரர் ஒரு மாட்டை வாங்கும்போது இறைச்சி விலையோடு தோல் விலையையும் சேர்த்தே கணக்கிடுகிறார். கன்றின் குருதிக்கு விலை ஏறினால் அக்கணக்கில் அதுவும் சேர்கிறது. வாங்குகிறவன் கத்தியைத் தொடவில்லை என்பது உண்மை. கத்தி பிடிப்பவனுக்குக் கூலியில் ஒரு பங்கை அவன் கொடுக்கிறான் என்பதும் உண்மை.

துணைப்பொருள் என்னும் சொல் மற்றொன்றையும் மறைத்தது. தோலை அழியாப் பொருளாக்குவது குரோமிய உப்பு. தோலின் கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தில் அது பிணைந்து கொள்கிறது. மூன்று இழைகளைக் கயிறாகத் திரித்தது போன்ற அப்புரதத்தின் வடிவை 1954, 1955ஆம் ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தவர்கள் கோ. நா. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். அதே கொலாஜன்தான் நம் தோலிலும் உள்ளது. ஆய்வுக்கூடத் தட்டுகளில் உயிரணுக்கள் ஒட்டி வளர்வதற்குப் பூசப்படுவதும் அதுவே. பதனிடப் பயன்படும் குரோமியம் மூவிணைதிற வகை. அஃது உயிரணுவுக்குள் எளிதில் நுழைவதில்லை. ஆறிணைதிற வகையோ, உயிரணுவுக்கு வேண்டிய சல்பேட்டின் உருவை ஒத்திருப்பதால், அதற்குரிய வாயில் வழியாகவே உள்ளே புகுந்து மரபணுப்பொருளைச் சிதைக்கிறது. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமிய வேதிப்பொருள் ஆலையின் கழிவுக் குவியலில் உள்ளது அவ்வகையே. உறவினன் போல் உருக்கொண்டு வந்து வீட்டைக் கொளுத்துவது போன்றது அதன் செயல்.

பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டதும், நிலங்கள் உவர்ந்ததும், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் இப்பகுதியினர் அறிந்தவை. முன்னெச்சரிக்கை கொள்ளவேண்டும் என்பதும், கெடுத்தவரே ஈடு செய்யவேண்டும் என்பதும் நாட்டின் சட்டமாகும் என்று அத்தீர்ப்பு உறுதி செய்தது. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. அருகே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் சேற்றில் அமிழ்ந்து இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்று மாசு குறித்து ஆணைகள் பிறப்பிக்க வேண்டியதாயிற்று. விலங்கின் துன்பத்தைக் காணாதிருக்கக் கண்ணை மூடிப் பழகியவனுக்கு மனிதனின் துன்பமும் தெரிவதில்லை என்பதற்கு நானே சான்று. என் கடன் குறிப்புகள் எதிலும் கிணற்று நீரைப் பற்றி ஒரு வரியும் நான் எழுதவில்லை.

இதனைக் கூறும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். தோல் ஷாப்பில் உழைப்பவரையும், ஆம்பூர்ச் செருப்பாலைகளுக்கு விடியற்காலையில் பேருந்தில் செல்லும் பெண்களையும் இழித்துப் பேச நமக்கு எத்தகுதியும் இல்லை. அவர்கள் கை தோலைத் தொட்டது. என் கை அதன் கணக்கைத் தொட்டது. வேறுபாடு அவ்வளவே. கூலி அவர்களுக்குக் குறைவு; மதிப்பு எனக்கு மிகுதி. அஹிம்சை பிறரை ஒதுக்கி வைக்கும் கருவியாகிவிட்டால் அதுவும் ஒரு ஹிம்சையே.

நூற்றெட்டு வாயில்கள்

வினை உயிரைச் சேரும் வழிகளைத் தத்துவார்த்த சூத்திரம் நூற்றெட்டாக விரிப்பதை நம்மவர் அறிவர். எண்ணுதல், கருவிகளைத் திரட்டுதல், தொடங்குதல் என மூன்று. மனம், சொல், உடல் என மூன்று. தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என மூன்று. வெகுளி, செருக்கு, மாயம், பேராசை என நான்கு. இவற்றைப் பெருக்கினால் நூற்றெட்டு. செபமாலையின் மணிகளை உருட்டும் நாம், ஒவ்வொரு மணியும் ஒரு வாயில் என்பதை மறந்துவிடுகிறோம்.

இவற்றுள் உடன்படுதல் என்பதே நம் காலத்தின் பெருவாயில். முன்னாளில் உழவன் தான் செய்ததைத் தன் கண்ணால் கண்டான். இன்று எல்லாம் புட்டியிலும் பெட்டியிலும் வருகின்றன. மருந்துக் குளிகையின் மேலுறையில் விலங்கின் எலும்பிலிருந்து பெற்ற ஜெலட்டின் இருக்கிறது. கடிகார வாரிலும் பணப்பையிலும் தோல் இருக்கிறது. வைப்புநிதிக்கு வரும் வட்டி எவ்வெத் தொழிலிலிருந்து வருகிறது என்று எவரும் கேட்பதில்லை. செய்யாமலும் செய்விக்காமலும் உடன்பட்டுக் கொண்டே இருக்கிறோம்.

ஆயினும் நம் நெறி, இல்லறத்தார் அனைத்து ஹிம்சையையும் விட்டுவிட வேண்டும் என்று இயலாததைக் கேட்கவில்லை. கருதிச் செய்யும் கொலையை முற்றிலும் விலக்கச் சொல்கிறது. இல்வாழ்க்கையிலும் தொழிலிலும் தற்காப்பிலும் நேர்வதை இயன்ற அளவு குறைக்கச் சொல்கிறது. ஹிம்சையின் வேர் பிரமாதம், அதாவது கருத்தின்மை என்கிறது. கருத்தோடு நடப்பவனுக்கும் கருத்தின்றி நடப்பவனுக்கும் வினை ஒன்றன்று. இந்த இடத்தில்தான் அப்பெண்ணுக்குச் சொல்லவேண்டிய விடை பிறக்கிறது என்று கருதுகிறேன்.

மூதாதையர் வழக்கம் நெறியாகுமா?

அதற்கு முன், பரிணாமத்தைக் காட்டிச் சொல்லப்படும் ஒரு வாதத்தையும் பார்ப்போம். மனித குலம் தோலை உடுத்தே குளிரைக் கடந்தது என்பது உண்மை. தலைப்பேனிலிருந்து ஆடைப்பேன் பிரிந்த காலத்தை மரபணுக்களால் கணித்து, ஏறத்தாழ 1,70,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் உடையணியத் தொடங்கியிருக்கலாம் என்று 2011இல் ஓர் ஆய்வு கூறியது. மொராக்கோ நாட்டுக் குகையொன்றில் 90,000 முதல் 1,20,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட, தோலைச் சீவும் எலும்புக் கருவிகள் கிடைத்துள்ளன. நம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் கண்ட கற்கருவிகளுள் தொன்மையானவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவற்றை ஏந்திய கைகள் ஊனும் தோலும் அறுத்திருக்கும் என்று எண்ணுவது இயல்பே.

"ஆகவே அது மனித இயல்பு, அதில் தவறில்லை" என்பது அவ்வாதம். இயல்பாக வந்ததெல்லாம் நெறியாகுமென்றால் சினமும் களவும் நெறியாகும். நாம் எங்கிருந்து வந்தோம் என்பதைப் பரிணாமம் சொல்லும். எங்கே செல்லவேண்டும் என்பதை நாம்தான் துணிய வேண்டும். ஆடையையே துறந்து நின்ற முனிவர்களும் அதே மூதாதையரின் வழிவந்தவர்களே.

கொடுத்ததும் எடுத்ததும்

கன்றின் குருதிக்கு மாற்று உண்டா என்று அவளைக் கேட்டேன். உண்டென்றாள். மருத்துவமனைகளில் மக்கள் தானமாகக் கொடுத்த குருதியின் தட்டணுக்கள் காலாவதியானால் நோயாளிக்குச் செலுத்த இயலாது. அவற்றிலிருந்து வளர்ச்சிப் பொருள்களைப் பிரித்து ஊட்டநீரில் சேர்க்கிறார்கள். விலங்குப் பொருளே சேராமல் முற்றிலும் வேதியியல் முறையில் அமைத்த ஊட்டநீர்களும் உள்ளன. குருத்தணு வளர்ப்பில் அவை நன்கு வேரூன்றிவிட்டன. ஆனால் எல்லா வகை உயிரணுவும் அவற்றில் வளர்வதில்லை; விலை மிகுதி; பழைய முடிவுகளோடு ஒப்பிடுவதும் கடினம். அதனால் பலர் மாற முயல்வதில்லை.

இம்மாற்றில் எனக்குப் புலப்பட்டது ஒரு பெரிய வேறுபாடு. ஒன்று கொடுத்த குருதி. மற்றொன்று எடுத்த குருதி. கொடாததைக் கொள்ளாமை நம் ஐந்து விரதங்களுள் ஒன்று. கன்றின் குருதி அஹிம்சையை மட்டுமன்றி இவ்விரதத்தையும் மீறுகிறது. ஹென்ரியெட்டா லாக்ஸிடம் நிகழ்ந்ததும் அதுவே. அவரைக் கேளாமல் எடுத்தனர். அவர் குடும்பம் பல ஆண்டுகள் அறியாதிருந்தது. அவ்வணுக்களால் பொருளீட்டிய ஒரு பெரும் நிறுவனம் 2023இல்தான் அவர் வழித்தோன்றல்களுடன் உடன்பாடு செய்து கொண்டது. ஏழையிடமும் ஊமையிடமும் எடுப்பது எளிது. எளிது என்பதாலேயே அது குற்றமென்று தெரிவதில்லை.

உலகமும் மெல்லத் திரும்பி வருகிறது. விலங்குக்கு மாற்று, எண்ணிக்கைக் குறைப்பு, துன்பத் தணிப்பு என்னும் மூன்று கடமைகளை 1959இலேயே ரசல், பர்ச் என்னும் ஆங்கிலேயர் இருவர் வகுத்தனர். நம் நாட்டில் ஒப்பனைப் பொருள்களை விலங்குகளிடம் சோதிப்பது 2014இல் தடுக்கப்பட்டது. புதிய மருந்துகளின் சோதனையில் விலங்குக்கு மாற்றாக மனித உயிரணுக்களால் ஆன முறைகளைப் பயன்படுத்த 2023இல் விதி திருத்தப்பட்டது. அவ்வாறு விலங்குகளைக் காக்கப் போகும் உயிரணு முறைகளே கன்றின் குருதியில் வளருமானால் அஃது எத்துணைப் பெரிய முரண்! அம்முரணைக் களைய, அதைக் கண்டு கூசுகிறவர் ஆய்வுக்கூடத்துக்குள் இருக்கவேண்டும், வெளியே அல்ல.

என் விடை

ஆகவே அவளுக்கு இவ்வாறு எழுதினேன்:

"அம்மா, வேலையை விட வேண்டாம். ஆனால் மூன்று எல்லைகளை அணுவிரதம் போல் கொள். முதலாவது, 'எனக்கு இதில் பங்கில்லை' என்று ஒருபோதும் சொல்லாதே. எத்தனை மில்லிலிட்டர் எடுத்தாய் என்பதைக் குறித்து வை. கணக்கு இருக்கும் இடத்தில் கருத்தும் இருக்கும். இரண்டாவது, மாற்று உள்ள இடத்தில் மாற்றையே கொள். இல்லாத இடத்தில் அதைத் தேடுவதை உன் ஆராய்ச்சியின் ஒரு பகுதியாக்கு. மூன்றாவது, மாற்று தோற்றால் தோற்றது என்றே எழுது; நம் நெறிக்கு ஏற்ற விடை வரவேண்டும் என்பதற்காக ஓர் எண்ணையும் திருத்தாதே. வாய்மையைக் கொன்று அஹிம்சையைக் காக்க முடியாது."

இரு திங்கள் கழித்து விடை வந்தது. தன் வழிகாட்டியிடம் அனுமதி பெற்று, தான் வளர்க்கும் மூன்று வகை உயிரணுக்களைத் தட்டணுச் சாற்றில் வளர்த்துப் பார்த்தாளாம். இரண்டு வகை நன்கு வளர்ந்தன. மூன்றாவது வகை ஐந்தாம் நாளில் மடிந்தது. மீண்டும் செய்தும் மடிந்தது. அவ்வகைக்கு மட்டும் பழைய புட்டியைக் குறைந்த அளவில் பயன்படுத்துவதாகவும், ஒவ்வொரு முறையும் அளவைக் குறிப்பதாகவும் எழுதியிருந்தாள். முழு விடுதலை கிட்டவில்லை. ஆயினும் கருத்தில்லாத உடன்பாடு அங்கே முடிந்துவிட்டது.

கடிதத்தின் இறுதியில் ஒரு வரி: "தாத்தா, உங்கள் கணக்கை எப்போது எழுதப் போகிறீர்கள்?"

இக்கட்டுரை அதன் முதற்பக்கம். அன்பர்கள் தத்தம் பக்கத்தையும் எழுதிப் பார்க்க வேண்டுகிறேன்.